சாவிக்கு முந்தைய மேசை

மலாயில் ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றால் இளம் நிருபர்களான நீங்கள் இப்போதெல்லாம் கைப்பேசியைக் கேட்கிறீர்கள். தமிழில் சொல்கிறீர்கள், அது மலாயில் எழுதிக் கொடுக்கிறது, ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காமல் அனுப்பிவிடுகிறீர்கள். போன வாரம் நம் பத்திரிகையின் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. ஓய்வு பெற்றவள் வந்த இடத்தில் உபதேசம் செய்தால் அடுத்த முறை ஒரு தே தாரேக் தேநீர்கூடக் கிடைக்காது. அதனால்தான் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கைப்பேசி மீது எனக்குக் கோபமில்லை. அது செய்யும் காரியத்தை நான் சொந்த மூளையைக் கொண்டே செய்திருக்கிறேன். தமிழில் நினைத்ததை அப்படியே மலாயில் எழுதி அனுப்பினேன். ஒரு சொல் இடம் மாறிப் போனது. அந்தச் சொல்லால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றுபோகப் பார்த்தது.

அவளுக்குத் தர்ஷினி என்று பெயர் வைத்துக்கொள்வோம். கிள்ளான் பெண். சிலாங்கூர் மாநில அரசின் கீழ் இயங்கும் ஒரு கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரியின் பெயர் வேண்டாம், அவர்கள் பிற்பாடு ஒழுங்காகத்தான் நடந்துகொண்டார்கள். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மதிய வேளையில், கிள்ளானிலிருந்து கொமூட்டர் ரயில் ஏறி நம் அலுவலகத்துக்கு வந்தாள். வரவேற்பில் யாரும் இல்லாததால் நேராக என் மேசைக்கு வந்து நின்றாள். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். இரண்டு கடன் அட்டைகள். ஒன்று அவள் அப்பா பெயரில், இன்னொன்று அதனோடு சேர்ந்த துணை அட்டை, அவள் பெயரில்.

அட்டைகள் தபாலில் வந்த உறையைப் பிரித்தவர் அவள் அப்பா குணசேகரன். துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றும் லோரி ஓட்டுநர். அவரோடு லோரி ஓட்டிய ஒருவர் கார்டு கார்டாக வாங்கி, கடைசியில் வீட்டையே விற்றுவிட்டுப் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அன்றைக்கே, நம் வீட்டுக்குள் கார்டு என்ற சாமான் வரக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். இப்போது மகள் பெயர் பொறித்த கார்டு அவர் கையில் இருக்கிறது. வங்கிக்குப் போன் செய்து கேட்டால், கல்லூரிப் பதிவு நாளன்று நீங்களேதான் கையெழுத்துப் போட்டீர்கள் என்கிறார்கள்.

பதிவு நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குடும்பமே வேனில் கிளம்பும். வாளி, தலையணை, காற்றாடி, சித்தியின் பிள்ளைகள் எல்லாம் உள்ளே இருக்கும். அப்பா கையில் ஒரு பெரிய கோப்பு, அதில் அடையாள அட்டைப் பிரதிகள், சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம். மண்டபத்தில் மேசை மேசையாக நகர வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் ஏதோ ஒரு தாள், ஏதோ ஒரு கையெழுத்து. கடைசி மேசையில் விடுதி அறைச் சாவி. கடன் அட்டை கொடுப்பதற்கு வங்கி கேட்கும் காகிதம் எல்லாம் அன்றைக்கு அந்தக் கோப்பிலேயே இருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். வங்கிக்காரர்கள் முதலிலேயே யோசித்துவிட்டார்கள்.

குணசேகரன் ஒரே ஒரு கணக்குதான் போட்டார். கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டது, கல்விக் கடன் கேட்டது, விடுதி கேட்டது எல்லாமே மகள். எந்த விண்ணப்பப் பாரம் எதற்கு என்று அவளுக்குத்தான் தெரியும். அவள் நீட்டிய இடத்தில் இவர் கையெழுத்துப் போட்டார். ஆக, நடுவில் ஒரு தாளைச் செருகியவளும் அவள்தான். மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தாம் சரக்கு இறக்கும் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளரிடம் சொல்லி மகளுக்கு வேலையும் பார்த்துவிட்டார். விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கும் திங்கட்கிழமை அவள் ஏற வேண்டியது தொழிற்சாலை பஸ்ஸில்.

தர்ஷினி சொன்னது வேறு. வங்கியின் மேசை மண்டபத்துக்குள்ளே, வரிசையின் நடுவிலேயே இருந்தது, அங்கே இருந்தவர்கள்தான் தாளை நீட்டினார்கள் என்றாள். கல்லூரியின் மாணவர் விவகாரப் பிரிவில் போய்க் கேட்டிருக்கிறாள். வங்கியெல்லாம் வெளியே கூடாரத்தில்தான் இருந்தது, உள்ளே யாரும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"நான் சொன்னா அப்பா நம்ப மாட்டாரு ஆன்டி," என்றாள். "உங்க பேப்பர்ல வந்தா நம்புவாரு. அவரு அத மட்டும்தான் படிக்கிறாரு."

அப்போது அவளுக்கு ஒரு தே வாங்கிக் கொடுத்துத் தைரியம் சொல்லி அனுப்பினேன். ஆனால் உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. நாம் அச்சடிப்பதை எல்லாம் அப்படியே நம்பும் வாசகரைவிட இந்தத் தொழிலில் பயப்பட வேண்டிய ஆள் வேறு யாரும் இல்லை. மந்திரிக்குக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

சிலாங்கூரில் மாநில அலுவலகங்களிடம் ஆவணம் கேட்டுப் பெற ஒரு சட்டம் இருக்கிறது. கோலாலம்பூரில் இருக்கும் நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கல்லூரி எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். பாரத்தை எப்படி நிரப்புவது, எங்கே கொடுப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நான் கேட்டது இதுதான்: கார்டு விளம்பரத்துக்காகக் கல்லூரிக்கும் வங்கிக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். தமிழில் இப்படி நினைத்துவிட்டு மலாயில் எழுதும்போது கொன்ட்ராக் என்று எழுதினேன்.

என் வீட்டில் கொன்ட்ராக் என்பது பெரிய சொல். இரண்டு பேர் பேசி முடித்துக்கொண்ட எதுவும் கொன்ட்ராக்தான். தோட்டத்தில் புல் வெட்டுவது கொன்ட்ராக், கல்யாணப் பந்தல் போடுவது கொன்ட்ராக். என் மாமா இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டதைக்கூட அத்தை அப்படித்தான் சொல்வாள். ஆனால் ஓர் அரசாங்க அலுவலகத்துக்கு அந்தச் சொல் அவ்வளவு பெரியது அல்ல. விலை கேட்டு, டெண்டர் விட்டு, முத்திரை குத்தி அலமாரியில் வைத்த கோப்புதான் அவர்களுக்குக் கொன்ட்ராக். வேறு எதுவும் இல்லை. தேடினார்கள், இல்லை. அப்படி ஒரு கொன்ட்ராக் எங்கள் பதிவில் இல்லை என்று ஒரு மலாய் அம்மையார், ஒரு புவான், கையெழுத்திட்டுப் பதில் அனுப்பினார். கல்லூரியில் ஆவணங்களுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்.

பதிலைப் பார்த்ததும் நம் செய்தி ஆசிரியர் கையைத் தேய்த்துக்கொண்டார். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் செய்தி ஆசிரியர் என்றே இருக்கட்டும். குரல் பெரிது, மனசு அதைவிடப் பெரிது, பொறுமை மட்டும் கடுகளவு.

"மறைக்கிறாங்க லா," என்றார். "கல்லூரி மறுப்புன்னு போடு. நாளைக்கே போட்டுரலாம்."

எனக்கும் ஆசைதான். பெண் அழுதிருக்கிறாள், கல்லூரி இல்லை என்கிறது, வங்கி நழுவுகிறது. சூடான செய்தி. எழுத உட்கார்ந்து முதல் பத்தியை முடித்தும்விட்டேன். முடித்ததைக் கிள்ளானில் ஒருவர் காலைப் பசியாறலோடு படிப்பதை நினைத்துப் பார்த்தேன். அப்போதுதான் கை நின்றது. நாம் கல்லூரி மறுப்பு என்று போடுவது கல்லூரியைக் குத்திக் காட்ட. குணசேகரன் படிக்கப்போவது அப்படி இல்லை. கல்லூரியில் அப்படி எதுவும் இல்லை என்று பேப்பரிலேயே வந்துவிட்டது, மகள் சொன்னது பொய் என்றுதான் படிப்பார். அவள் நம்பி வந்த பேப்பரே அவளைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏற்றிவிடும்.

இதை எழுதுபவளின் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். செய்தியை எழுதிவிட்டு, அதை யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்து படிப்பார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்பது மட்டும்தான் நான் செய்தது. உங்களுக்கும் அந்த ஒரு நிமிடம் கிடைக்கும். கிடைக்காத மாதிரி செய்தி ஆசிரியர்கள் நடந்துகொள்வார்கள், நம்பாதீர்கள்.

செய்தியை நிறுத்தி வைக்கச் சொன்னேன். அவர் முறைத்தார். மறுநாள் காலையில் கிள்ளானுக்குப் போனேன்.

குணசேகரன் என்னை வாசலிலேயே அடையாளம் கண்டுகொண்டார். என் பெயரில் வந்த செய்திகளை நான் மறந்துபோன விவரங்களோடு சொன்னார். காப்பி வந்தது. மகளை மட்டும் கூப்பிடவில்லை. நான் வந்த காரியத்தைச் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"அக்கா, நான் ஆறாம் வகுப்பு தமிழ்ப்பள்ளி. அவ படிச்ச புள்ள. அவ கைய காட்டுன எடத்துல போட்டேன். எங்கிட்ட கேட்டுருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன், அவ்வளவுதான். கேக்காம செஞ்சாளே, அதான் வலிக்குது."

அவரை எனக்குப் பிடித்துப் போனது அந்த நிமிடத்தில்தான். கோபக்காரர் என்று நினைத்துப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்தவர் மனசு நொந்துபோன ஒரு மனிதர். திங்கட்கிழமைக்குள் நான் எதையும் நிரூபிக்காவிட்டால் இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் இப்படியேதான் இருப்பார்கள் என்று தெரிந்தது.

விடை சமையலறைக் கதவின் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு துணிப்பை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய வெங்காயம் அதில் இருந்தது. பையின் மேல் கல்லூரிச் சின்னம், அதற்குக் கீழே அந்த வங்கியின் பெயர், அதற்கும் கீழே சும்பாங்கான் என்று ஒரு சொல். நன்கொடை. இந்தப் பை எங்கே கிடைத்தது என்று கேட்டேன். பதிவு நாளன்று மண்டபத்தில் எல்லாருக்கும் கொடுத்தார்கள் என்று தர்ஷினியின் அம்மா சொன்னார்.

வெங்காயப் பையைப் பார்த்து நான் சிரித்தேன். அவர் என்ன நினைத்திருப்பாரோ தெரியாது. கல்லூரி யாரோடும் கொன்ட்ராக் போடவே இல்லை. அவர்கள் கணக்கில் இது நன்கொடை. நன்கொடை கொடுப்பவர் ஒரு கடிதம் எழுதியிருப்பார், அதில் தமக்கு என்ன வேண்டும் என்று நாசூக்காகச் சொல்லியிருப்பார். நமக்கு நன்கொடை என்றால் கோயில் நன்கொடைதான் ஞாபகம் வருகிறது. அதைப் பற்றிக் கேள்வி கேட்கவே நமக்குக் கூச்சம். அதனால் அந்தச் சொல் என் மண்டையில் உதிக்கவே இல்லை.

அன்றைக்கே இரண்டாவது விண்ணப்பம் போட்டேன். இந்த முறை கேட்டது இரண்டு: அந்த வங்கி கொடுத்த சும்பாங்கான் தொடர்பான கடிதங்கள், பதிவு நாளன்று மண்டபத்தில் எந்த மேசை எங்கே இருந்தது என்று காட்டும் வரைபடம். சட்டம் அலுவலகத்துக்குக் கொடுத்த அவகாசம் எங்கள் திங்கட்கிழமையைத் தாண்டி இருந்தது. அதனால் புவானுக்கே போன் செய்தேன். சட்டம் பேசவில்லை, சண்டை போடவில்லை. ஒரு மாணவியின் படிப்பு இதில் தொங்குகிறது, முடிந்தால் வெள்ளிக்கிழமைக்குள் கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.  அவர், இதைத்தான் கேட்கிறீர்கள் என்றால் முதலிலேயே இப்படிக் கேட்டிருக்கலாமே என்று மலாயில் சொன்னார். குரலில் குத்தல் இல்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். மறைக்கிறார்கள் என்று நாங்கள் எழுத இருந்தது இவரைப் பற்றித்தான் என்று நினைத்து வெட்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்துக்கு முன்பே எல்லாம் என் மின்னஞ்சலுக்கு வந்துவிட்டது.

வங்கியின் கடிதம் மிக மரியாதையானது. புதிய மாணவர்களுக்குப் பைகள், மண்டபத்துக்குக் காற்றாடிகள், நாற்காலிகள். அதற்குப் பதிலாக, பதிவு சுமுகமாக நடப்பதற்கு உதவியாக, மண்டபத்துக்குள் ஒரு மேசை. எங்கே என்றும் எழுதியிருந்தது. கட்டணம் செலுத்தும் மேசைக்குப் பிறகு, விடுதிச் சாவி கொடுக்கும் மேசைக்கு முன்பு. கல்லூரி ஒத்துக்கொண்டிருந்தது. வரைபடமும் அதையே காட்டியது.

ஆவணம் கிடைத்தால் நேராகத் தட்டச்சுக்கு ஓடாதீர்கள். யாருக்காகக் கேட்டீர்களோ அவரிடம் முதலில் காட்டுங்கள். நான் வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். கடிதத்தை எடுத்துப் போகவில்லை. மலாய்க் கடிதத்தை நான் படித்துச் சொன்னால், அவர் நம்ப வேண்டியது என் வார்த்தையை. வரைபடம் என்றால் அவரே பார்த்துக்கொள்வார். துறைமுகத்தில் எந்தப் பெட்டி எந்த வரிசையில் என்று தினமும் பார்த்து ஓட்டுபவர்.

சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தேன். அவர் விரலை வாசலில் வைத்தார். ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினார். இங்கே சான்றிதழ் பார்த்தார்கள், இங்கே கட்டணம் கட்டினோம், பாப்பா ரசீதை வாங்க நின்றது, நான் முன்னால் நகர்ந்தேன் என்று தமக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். வங்கியின் பெயர் போட்டிருந்த கட்டத்தில் விரல் நின்றது. அதற்குள் நுழைந்து பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார்.

"இங்க ஒரு பையன் இருந்தான் அக்கா," என்றார். "பாச்சிக், சைன் சினின்னு எடத்தக் காட்டிச் சிரிச்சிக்கிட்டே சொன்னான். சாவிக்குத்தான்னு நெனச்சேன். நல்ல பையன். பேனாவக்கூட வெச்சிக்கச் சொன்னான்."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து வரைபடத்தின் மேல் வைத்தார். அதே வங்கியின் பெயர். அத்தனை நாளாகச் சரக்கு இறக்கிய இடங்களில் எல்லாம் அந்தப் பேனாவால்தான் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறார்.

 அந்த நேரத்தில் நிருபர் பேசக்கூடாது. எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்ததால் காப்பியைக் குடித்தேன். அவர் சமையலறைப் பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்கவில்லை, எழுந்து போகவும் இல்லை.

"பாப்பா," என்று கூப்பிட்டார். "சாவி எந்த டேபிள்ல குடுத்தாங்க?"

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"அதுக்கு அடுத்த டேபிள்ல பா," என்றாள் தர்ஷினி. ஈரக் கையோடு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் நல்லவளாக வீடு போய்ச் சேர்ந்திருப்பேன். ஆனால் நாம் பத்திரிகைக்காரர்கள், இனிதான் நம் கஷ்டம் ஆரம்பம். கல்லூரியிடமும் வங்கியிடமும் விளக்கம் கேட்டு வாங்கினேன். கல்லூரி ஏற்பாட்டை மறுபரிசீலனை செய்வதாகச் சொன்னது, வங்கி இரண்டு அட்டைகளையும் ரத்து செய்ததாகச் சொன்னது. எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பார்க்கிறேன், செய்தி ஆசிரியர் தலைப்புப் போட்டுப் பக்கத்தை முடித்து வைத்திருக்கிறார். லோரி ஓட்டுநர் ஏமாந்தார்.

அதே நேரத்தில் தர்ஷினியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. அப்பா பெயரைப் போட்டுக்கொள்ளலாம், அவரே சரி என்றுவிட்டார், ஆனால் ஏமாந்துவிட்டார் என்று மட்டும் போடாதீர்கள் ஆன்டி, லோரி யார்டில் எல்லாரும் உங்கள் பேப்பர்தான் படிப்பார்கள் என்று எழுதியிருந்தாள். அவர் மீது அத்தனை கோபப்பட உரிமை இருந்தவள் அவள்தான். அவள் கேட்டது இது ஒன்றுதான்.

பக்கம் அச்சுக்குப் போக வேண்டிய நேரம். செய்தி ஆசிரியரிடம் போய் நின்றேன். தலைப்பு தப்பு என்றேன். அவர் ஏமாறவில்லையா என்று கேட்டார். ஏமாந்தார் என்றால் படிக்கிறவன் அவரைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டு, நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வருடம் அதே மேசையில் கையெழுத்துப் போடுவான் என்றேன். குணசேகரன் செய்ததெல்லாம் மகளுக்குச் சாவி வாங்க வரிசையில் நின்றது. மேசையை அங்கே போட்டது யார் என்பதுதான் செய்தி.

"சரி, வேற என்ன போடுறது? சீக்கிரம் சொல்லு," என்றார்.

சாவிக்கு முந்தைய மேசை என்றேன். இது என்ன கவிதையா என்று கேட்டார். கேட்டுக்கொண்டே மாற்றினார். இப்போது ஓய்வு பெற்றுக் காஜாங்கில் இருக்கிறார். நம் பேப்பரின் தலைப்புகளை இன்றும் வாட்ஸ்அப் புலனத்தில் திருத்தி எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். சில சமயம் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது, அதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

திங்கட்கிழமை தர்ஷினி கல்லூரிக்குப் போனாள். குணசேகரன் அந்தப் பேப்பரில் ஒரு கட்டு வாங்கி லோரி யார்டில் தாமே கொடுத்திருக்கிறார். தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும் என்று மகள் பயந்த இடத்தில், பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கப்போகும் சக ஓட்டுநர்கள் அவரிடம் வந்து, எந்த மேசையில் என்ன கேட்பார்கள் என்று விவரம் கேட்டுப் போனார்களாம்.

அடுத்த வருடப் பதிவு நாளன்று எனக்கு ஒரு போன் வந்தது. பின்னால் ஒரே இரைச்சல், பிள்ளைகள் அழுகை, ஒலிபெருக்கி. குணசேகரன்தான். இந்த வருடம் அவர் யாரையும் சேர்க்கவில்லை. உதவிக்கு நிற்கும் மூத்த மாணவர்களில் தர்ஷினியும் ஒருத்தி என்பதால் அவளைக் கொண்டுவந்து விட்டாராம். வங்கி வெளியே கூடாரத்தில் இருக்கிறது, உள்ளே இல்லை, நானே போய்ப் பார்த்துவிட்டேன் என்றார். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டார் என்று நினைத்து வாழ்த்தினேன். அவர் போனை வைக்கவில்லை. 

"அக்கா," என்றார், "சாவி குடுக்குற டேபிள்ல பாப்பாதான் ஒக்காந்துருக்கு."